பேஸ்மென்ட் சுவர்ல ஓதம்: உள்பக்கம் பெயின்ட் அடிச்சா நிக்குமா?

கேள்வி, மே 14
பேஸ்மென்ட்ல ஒரு பக்க சுவர் முழுக்க ஓதம். தரையில இருந்து முக்கால் அடி வரைக்கும் உப்பு பூத்து பூச்சு பொரிஞ்சு விழுது. காலைல இறங்கிப் பாத்தா தரையும் ஈரம். உள்பக்கமா வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்னு பெயின்டர் சொல்றார். அடிச்சுப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா, நிக்குமா?

மே 14, இரவு 10.20
நிக்காது. அடிச்சுப் பாத்தவன் சொல்றேன். முதல் ஆறு மாசம் பளபளன்னு இருந்துச்சு, வர்றவங்களை எல்லாம் கீழ கூட்டிட்டுப் போய் காட்டினேன். ஒரு பெரிய மழை பெஞ்சு ரெண்டாம் நாள் பாத்தா சுவர்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். சும்மா இருக்காம விரலால குத்தினேன், உள்ள இருந்த தண்ணி சட்டை மேலயே பீச்சி அடிச்சுது. பெயின்ட் தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி வெள்ளையா உப்பு.

காரணம் சிம்பிள்தான். தண்ணி வெளிய மண்ணுல இருந்து உள்ள தள்ளுது, நீங்க உள்பக்கம் ஒட்டுற பெயின்ட பின்னாடி இருந்து தள்ளுது. சுவருக்கு வெளிய ஒரு மீட்டர் உயரத்துக்கு தண்ணி தேங்கி நின்னா அடியில சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட ஒரு டன் அழுத்தம். அதை ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத பெயின்ட் எப்படி தாங்கும்.

மே 15
நேத்து கோவத்துல எழுதிட்டேன், உருப்படியா ஒண்ணும் சொல்லல. பெயின்டர் வர்றதுக்கு முன்னாடி ஈரம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. கூரைத் தண்ணி சுவரோரமா இறங்கி வரலாம், நிலத்தடி மட்டம் ஏறி வரலாம், குழாய் ஏதாவது ஒழுகலாம், இல்லன்னா காத்துல இருக்கிற ஈரமே குளிர்ந்த சுவர்ல பட்டு தண்ணியா மாறலாம். எல்லாத்துக்கும் சுவர் ஒரே மாதிரிதான் நனையும், வைத்தியம்தான் வேற வேற.

ஒரு சோதனை இருக்கு, காசே வேண்டாம். கனமான பிளாஸ்டிக் ஷீட்ல 45 செ.மீ.க்கு 45 செ.மீ. துண்டு வெட்டி சுவர்ல ஒண்ணு, தரைல ஒண்ணு, நாலு ஓரமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு நாள் முழுசா விடுங்க. பிரிக்கும்போது ஷீட்டுக்கு அடியில ஈரம் இருந்தா மண்ணுல இருந்து வருது. நம்ம பக்கம் வேர்த்திருந்தா காத்துல இருந்து வருது.

மே 15, கொஞ்ச நேரம் கழிச்சு
ஒண்ணு விட்டுட்டேன். பொரிஞ்ச சுவர்ல டேப் ஒட்டவே ஒட்டாது. சுரண்டி, துடைச்சு, உலர்ந்த துணியால ஒத்தி எடுத்துட்டு ஒட்டுங்க. நான் முதல் தடவை ஒட்டினது ராத்திரியே கழண்டு விழுந்து, காலைல அதை மிதிச்சு வழுக்கினது தனிக்கதை.

அப்புறம் அந்த வெள்ளை உப்பா பூஞ்சையான்னு சந்தேகம் இருந்தா மேல கொஞ்சம் தண்ணி தெளிங்க. உப்புன்னா பெரும்பாலும் கரைஞ்சு மறையும், விரல்ல தேச்சா மாவா உதிரும். பூஞ்சை கரையாது, பஞ்சு மாதிரி நசுங்கும், மூக்குக்கே தெரியும். உப்பு சுவரைத் தாண்டி வெளிய போகாது. பூஞ்சை துணி, மரம், பேப்பர்னு எதுலயும் ஏறும்.

மே 19
பதில் பாத்தேன். சுவர் ஷீட்டுக்கு அடியில ஈரம், தரை ஷீட்டுக்கு மேல வேர்வை. அப்போ உங்களுக்கு வியாதி ரெண்டு. சுவருக்கு வெளிய இருந்து தண்ணி வருது, தரை ஈரம் காத்துல இருந்து வருது. என் வீட்லயும் இதேதான், ஆனா எனக்கு இது புரிய மூணு வருஷம் ஆச்சு.

தரைக்கு உடனே செய்யக்கூடியது: புழுக்கமான நாள்ல பேஸ்மென்ட் ஜன்னலைத் திறக்காதீங்க.

மே 20
நான் எதிர்பார்த்த சண்டை வந்துடுச்சு. "காத்தோட்டம் இல்லாம எப்படிங்க ஈரம் காயும், எங்க தாத்தா காலத்துல இருந்து ஜன்னலைத் திறந்துதானே வைக்கிறோம்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். மேல் மாடிக்கு அவர் சொல்றது சரி. மண்ணுக்குள்ள புதைஞ்சு இருக்கிற ரூமுக்கு சரிவராது.

கணக்கு பாருங்க. வெளிய 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னு வைங்க. அந்த காத்து 24 டிகிரிக்கு குளிர்ந்தாலே அதுல இருக்கிற ஈரம் சொட்ட ஆரம்பிச்சுடும். பேஸ்மென்ட் தரையோட சூடு 22 டிகிரி. ஜன்னலைத் திறந்தா குளிர்ந்த சொம்பு வெளிப்பக்கம் வேர்க்குற மாதிரி தரை வேர்க்கும். நீங்க உள்ள விடுறது காத்து இல்ல, தண்ணி.

நான் இதைவிட ஒரு படி மேல போனவன். ஜன்னல்ல ஒரு பெரிய ஃபேன் வச்சு ஒரு வாரம் வெளிக்காத்தை உள்ள இழுத்தேன். எட்டாம் நாள் படிக்கட்டுக்கு அடியில இருந்த தோல் செருப்புல பச்சையா முடி முளைச்சிருந்துச்சு. வீட்டுக்காரி அதை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிட்டா.

திறக்கவே கூடாதுன்னு சொல்லல. வெளிய வறண்ட நாள்ல, குளிர்ச்சியான நாள்ல தாராளமா திறங்க. எந்த நாள்னு தெரிய ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி கீழ வைங்க, வெளிய ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. உள்ள 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 50 இருந்தா நிம்மதி.

மே 22
டிஹியூமிடிஃபையர், அதாவது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து டப்பால தண்ணியா பிடிக்கிற மெஷின், அதைப் பத்தி கேட்டவருக்கு. வேலை செய்யும், என்கிட்ட ஓடிட்டு இருக்கு. ஆனா டப்பா நிறைஞ்சா தானா நின்னுடும், நீங்க ரெண்டு நாள் கீழ இறங்கலைன்னா அது ரெண்டு நாளா சும்மா நிக்குது. பின்னாடி ஹோஸ் மாட்டுற துளை இருக்கும், அதுல ஒரு ஹோஸ் போட்டு வாட்டமா தரைத் தூம்புல விட்ருங்க. ரூம் குளிர்ந்து 18 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா சாதாரண மாடல்ல சுருள்மேல பனி கட்டும், தண்ணி பிடிக்காது, கரண்ட் மட்டும் சாப்பிடும். குளிர் ஊர்க்காரங்க ஈரத்தை உறிஞ்சுற வகை வாங்கணும்.

மெஷினை ஓட விட்டுட்டு ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அதையும் செஞ்சிருக்கேன்.

குளிர்ந்த தண்ணி போற குழாய் வேர்த்து சொட்டினா மேல ஃபோம் உறை போடுங்க. துணி காய வைக்கிற மெஷின் கீழ இருந்தா அதோட சூடான காத்து வெளிய போகுதான்னும் பாருங்க, ஒரு லோடு துணில லிட்டர் கணக்குல தண்ணி இருக்கு.

ஜூன் 2
இன்னைக்கு எங்களுக்கு நல்ல மழை. இந்த மாதிரி நாள்ல டிவி பாக்காம குடையை எடுத்துட்டு வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு போங்க. பத்து நிமிஷம் மழைல நின்னு பாக்கிறது ஆயிரம் பேர்கிட்ட கருத்து கேக்கிறதுக்கு மேல.

நான் அப்படி நின்னப்போதான் பாத்தேன். கூரை மூலைல இருந்து இறங்குற மழைத்தண்ணி குழாய் சரியா சுவர் அடியிலயே வாயைத் திறந்து கொட்டிட்டு இருந்துச்சு. கொட்டுற இடத்துல மண்ணு அரிச்சு ஒரு கிண்ணம் மாதிரி குழி. அந்தக் குழிக்கு நேர் உள்பக்கம்தான் என் கொப்புளச் சுவர். கிண்ணத்துல தண்ணி நிறையும், மழை ஒரு நொடி தணிஞ்சா கண் முன்னாடியே சர்ருனு மண்ணுக்குள்ள இறங்கும், திரும்ப நிறையும். எங்க போகுதுன்னு எனக்குத்தான் தெரியும்.

100 சதுர மீட்டர் கூரைல 25 மி.மீ. மழை பெஞ்சா 250 லிட்டர் தண்ணி. அதுல பாதி அந்த ஒரு குழாய்ல.

ஜூன் 3
சைபர் விட்டுட்டேன், ரெண்டு பேர் கரெக்டா பிடிச்சிட்டாங்க. 2,500 லிட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மி.மீ. மழைன்னா ஒரு லிட்டர், அதை 25ஆல பெருக்கி 100ஆல பெருக்கணும். 250னு நினைச்சுட்டு இருந்ததாலதான் இத்தனை வருஷம் அந்தக் குழாயை நான் மதிக்கலையோ என்னவோ.

என்ன செஞ்சேன்னா, குழாய் அடியில ஒரு எல்போ போட்டு ரெண்டு மீட்டருக்கு மேல நீட்டி சுவரை விட்டு தள்ளிக் கொட்ட விட்டேன். கூரைக் காவாயில ரெண்டு வாளி இலை அள்ளினேன், அடைச்சு நின்னு நடுவுல வழிஞ்சுட்டு இருந்துச்சு. அரை நாள் வேலை. அடுத்த மழைக்கு அந்தச் சுவர் ஓதம் பாதியா குறைஞ்சுது. பெயின்டுக்குக் கொடுத்த காசை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஜூன் 11
மீதிப் பாதி வாட்டத்துல இருந்துச்சு. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தைச் சுத்தி தோண்டி, கட்டி முடிச்சதும் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடுவாங்க. அந்த மண்ணு வருஷக் கணக்குல அமுங்கும். கடைசில வீட்டைச் சுத்தி ஒரு பள்ளம், மழைத்தண்ணி வெளிய ஓடாம சுவரைப் பாத்து ஓடும். கண்ணுக்கு சமமாத்தான் தெரியும். கொத்தனார் வச்சிருக்கிற டியூப் லெவல் பிடிச்சுப் பாத்தாதான் உண்மை தெரியும். எனக்கு சுவர்ப் பக்கம் மூணு விரல் தாழ்வு.

சுவர்ல இருந்து மூணு மீட்டர் தள்ளி 15 செ.மீ. தாழணும், அதான் அளவு. ஏத்துறதுக்கு களிமண் கலந்த மண்ணு போட்டு இடிச்சு இறுக்குங்க. மணல் போடாதீங்க, மணல் தண்ணியை அப்படியே கீழ விட்டுடும். நான் மணல்தான் முதல்ல போட்டேன், மிச்சம் கிடந்துச்சுன்னு. திரும்ப அள்ளினேன்.

ஆனா மண்ணை ஏத்துறேன்னு ஜன்னல் அடி வரைக்கும் மூடிடாதீங்க. தரைமட்டத்துக்கு மேல ஓதம் ஏறாம இருக்க ஒரு தடுப்பு வரி போட்டிருப்பாங்க, அதுக்கு ஒரு சாண் கீழயே மண்ணு நிக்கணும். அதைத் தாண்டினா ஓதம் பேஸ்மென்டை விட்டுட்டு மேல் வீட்டுக்கு வரும்.

ஜூன் 12
அப்பா இதைப் படிச்சுட்டார். சுவரோரமா இருக்கிற அவரோட செடிங்களைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலையேன்னு பெருமையா கேட்டார். எழுதிடறேன்: தினம் காலைல நாலு குடம் தண்ணி சுவரோரம் ஊத்தினா அது தினம் பெய்யிற மழைதான். செடிங்க இப்போ ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கு, அப்பா ஒரு வாரமா என்கிட்ட சரியா பேசல.

ஜூலை 6
விரிசல் போட்டோவைப் பாத்தேன். நேரா மேல இருந்து கீழ இறங்குற, மயிரிழை அளவு விரிசல்னா பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கினது. ரெண்டு முனையிலயும் பென்சில்ல குறுக்குக் கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, ரெண்டு மூணு மாசம் பாருங்க. கோட்டைத் தாண்டலைன்னா அடைச்சுக்கலாம். கல்லு கட்டின சுவர்ல பாதி உயரத்துல படுக்கைவாட்டா விரிசல் ஓடி சுவர் உள்ள வயிறு தள்ளியிருந்தா அடைக்காதீங்க. வெளி மண்ணு சுவரைத் தள்ளுது, இன்ஜினியர்தான் பாக்கணும்.

அடைக்கிறதுல ரெண்டு வழி. எபாக்சி உலர்ந்த விரிசலுக்கு, ரெண்டு பக்கத்தையும் கெட்டியா ஒட்டும். பாலியூரித்தேன் ஈரமான விரிசலுக்கு, தண்ணி பட்டதும் நுரைச்சு உப்பி இடத்தை அடைக்கும், கொஞ்சம் வளைஞ்சும் கொடுக்கும்.

தண்ணி ஓடிட்டே இருக்கும்போது அடைக்கிற ஹைட்ராலிக் சிமென்ட்னு ஒண்ணு இருக்கு, மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துல இறுகிடும். டப்பால அப்படித்தான் போட்டிருந்துச்சு, நான் நம்பல. பெரிய வாளில முழுசா கலக்கி வச்சுட்டு, போன் வந்துச்சுன்னு எடுத்துப் பேசிட்டு வந்தா கரண்டியோட சேர்ந்து வாளி ஒரே கல்லு. இன்னும் இருக்கு, கதவுக்கு முட்டுக் கொடுக்க வச்சிருக்கேன். ஒரு கை அளவு மட்டும் கலக்குங்க, கையுறை போடுங்க, தோல்ல பட்டா எரியும்.

தண்ணி அதிகமா வர்ற இடம் விரிசலா இருக்கணும்னு இல்ல. தரையும் சுவரும் சேர்ற மூலைக் கோட்டைப் பாருங்க. ரெண்டும் வேற வேற நாள்ல ஊத்தின கான்கிரீட், நடுவுல ஒட்டாத ஒரு கோடு இருக்கும். முதல்ல கசியிறது அங்கதான்.

ஜூலை 9
ஃப்ரெஞ்ச் டிரெயின், அதாவது மண்ணுக்குள்ள தண்ணியை வடிக்கிற ஜல்லிக் காவாய், ஃபிரான்ஸ்ல கண்டுபிடிச்சதான்னு கேட்டவருக்கு: இல்ல, அது ஆள் பேரு. ஹென்றி ஃப்ளாக் ஃப்ரெஞ்ச்னு ஒரு அமெரிக்க நீதிபதி, 1859ல வயல் வடிகால் பத்தி புத்தகம் எழுதினார், அதுல இருந்து ஒட்டிக்கிட்ட பேரு. வாஷிங்டன்ல லிங்கன் நாற்காலில உக்காந்திருக்கிற சிலையை வடிவமைச்ச டேனியல் செஸ்டர் ஃப்ரெஞ்ச் இவரோட பையன். அப்பா பேரு காவாய்க்கு, பையன் பேரு சிலைக்கு. பேஸ்மென்ட்ல ஓதம் உள்ளவனுக்கு அப்பாதான் பெரிய ஆளு.

விஷயம்: பள்ளம் தோண்டி, வடிகட்டித் துணி விரிச்சு, துளை போட்ட பைப்பை வாட்டமா வச்சு சுத்தி ஜல்லி நிரப்புறது. துளை கீழ பாத்து இருக்கணும். நிறைய பேர் மேல பாத்து வைப்பாங்க, அப்படி வச்சா பைப்போட மேல் மட்டம் வரைக்கும் ஜல்லிக்குள்ள தண்ணி ஏறி நின்னாதான் பைப்புக்குள்ள போகும்.

ஆகஸ்ட் 17
நிலத்தடி மட்டமே ஏறி வர்ற இடத்துல மேல சொன்னது எதுவும் முழுசா காப்பாத்தாது. தண்ணி வந்து சேர ஒரு குழி, அதை வெளிய தள்ள ஒரு மோட்டார், தண்ணி ஏறினா மோட்டாரைத் தானா போடுற மிதவை சுவிட்ச் வேணும். எனக்கு மேற்கு மூலைல அதுவும் தேவைப்பட்டுச்சு, நானே மாட்டினேன், அதுதான் தப்பு.

முதல் மழை ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, குழில தண்ணி இறங்கல. உர்ர்ருனு ஓடிட்டே இருக்கு. வாளி வாளியா மொண்டு ஊத்திட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, நான்-ரிட்டர்ன் வால்வ் மேல இருக்கிற அம்புக்குறி கீழ பாக்குது. தலைகீழா மாட்டியிருக்கேன். கரண்டை நிறுத்தி, வால்வைத் திருப்பி, நனைஞ்சு வெளிய வந்தப்போ விடிஞ்சிருச்சு.

அந்த வால்வ் வேண்டாம்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அது இல்லன்னா மோட்டார் நின்னதும் மேல ஏறின தண்ணி திரும்ப குழிக்கே வரும். மூணு மீட்டர் உயர 40 மி.மீ. பைப்புக்குள்ள மட்டும் கிட்டத்தட்ட 4 லிட்டர் நிக்கும். சின்ன குழின்னா அதுவே மிதவையைத் தூக்கும், மோட்டார் போட்டு நிறுத்தி போட்டு நிறுத்தி சீக்கிரம் செத்துடும். மோட்டாருக்கும் வால்வுக்கும் நடுவுல பைப்புல 3 மி.மீ. துளை ஒண்ணு குழியைப் பாத்த மாதிரி போடுங்க, காத்து சிக்காம இருக்கும்.

இன்னொண்ணு, வெளிய தள்ளுற தண்ணியை எங்க விடுறீங்க? நான் அதே மேற்கு மூலைக்கு வெளியதான் விட்டேன். பத்து நாளா அதே தண்ணியை மேலயும் கீழயும் சுத்த விட்டிருக்கேன்.

கரண்ட் போறது பெரும்பாலும் பெருமழை அன்னைக்குத்தான், அதனால பேட்டரி பேக்கப் வைங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி குழில ஊத்தி மிதவை தூக்குதான்னு பாருங்க.

ஆகஸ்ட் 18
அவசரமா கேட்டவருக்கு, இடுப்பளவு தண்ணின்னு எழுதியிருக்கீங்க. முதல்ல, இறங்காதீங்க. மெயின் ஸ்விட்ச் மேல இருந்து தண்ணியை மிதிக்காம அணைக்க முடிஞ்சா அணைங்க, முடியலைன்னா கரண்ட் ஆபீஸ்ல சொல்லி நிறுத்தச் சொல்லுங்க.

அடுத்தது, ஒரே மூச்சுல இறைச்சுடாதீங்க. வெளிய மண்ணு தண்ணில ஊறி சுவரைத் தள்ளிட்டு இருக்கு, உள்ள இருக்கிற தண்ணி எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்குது. உள்ள மட்டும் காலி பண்ணினா சுவர் உள்ள சாயலாம். வெளிய தேங்கினது வடிஞ்ச பிறகு ஒரு அடி இறக்கி சுவர்ல கோடு போடுங்க. மறுநாள் பாருங்க, மட்டம் திரும்ப ஏறியிருந்தா இன்னும் பொறுக்கணும். ஏறலைன்னா இன்னொரு அடி. வடிஞ்சதும் 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள நனைஞ்சதை வெளிய எடுத்துக் காய வைங்க, தாண்டினா பூஞ்சை பிடிக்கும். நனைஞ்ச கார்ப்பெட்டை காப்பாத்தப் பாக்காதீங்க.

அக்டோபர் 4
சாமான் வைக்கிறது. அட்டைப்பெட்டி கூடவே கூடாது, அது பூஞ்சைக்கு விருந்து. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, காலு வச்ச இரும்பு அலமாரி, சுவரை விட்டு நாலு விரல் தள்ளி. என் காலேஜ் நோட்டெல்லாம் அட்டைப்பெட்டில போச்சு. அதுல வருத்தம் இல்ல.

நவம்பர் 9
முதல் நாள் "நிக்காது"னு அடிச்சுப் பேசினேன்ல, கொஞ்சம் வாபஸ். குழாய், வாட்டம் எல்லாம் சரி பண்ணி ஒரு மழைக்காலம் பாத்த பிறகு, மிச்சமிருந்த லேசான ஓதத்துக்கு ஒரு சுவரை வெறும் கான்கிரீட் வரைக்கும் சுரண்டி, உப்பைத் தேச்சுக் கழுவி, சிமென்ட் அடிப்படையிலான பூச்சு ரெண்டு கோட் அடிச்சேன். இதுவரைக்கும் நிக்குது. அப்போ நான் அடிச்சது பழைய பெயின்ட் மேல, உப்பு மேல, அதுவும் வெளிய குழாய் கொட்டிட்டு இருக்கும்போது. பெயின்ட் மேல மட்டும் பழி போட்டது அநியாயம். ஆனா உங்க பெயின்டர் முதல் நாளே அடிக்கலாம்னு சொன்னது இப்பவும் தப்புதான்.

பிளாஸ்டிக் சோதனையிலயும் ஒரு திருத்தம். வெயில் காலத்துல ஒட்டி காய்ஞ்சிருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. மழை வாரத்துல திரும்ப ஒட்டுங்க.

டிசம்பர் 21
மூணு நாளா பேஸ்மென்ட்ல சாக்கடை நாத்தம். ஓதம் திரும்ப வந்துடுச்சுன்னு பதறி சுவர் சுவரா தடவிப் பாத்தேன், எல்லாம் பொட்டுச் சுவடு இல்லாம காய்ஞ்சிருக்கு. மீட்டர் 48 காட்டுது. கடைசில பிளம்பரைக் கூப்பிட்டா அவர் தரைத் தூம்பைக் குனிஞ்சு பாத்துட்டு சிரிக்கிறார். தூம்புக்கு அடியில வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணுமாம், அதுதான் சாக்கடைக் காத்தை மேல விடாம அடைக்கும். டிஹியூமிடிஃபையர் ஹோஸை நான் மோட்டார் குழிக்கு மாத்தினதுல இருந்து தூம்புக்கு ஒரு சொட்டு தண்ணி போகல, வளைவுல இருந்ததும் காய்ஞ்சு போச்சு.

இப்போ மாசம் ஒண்ணாம் தேதி ஒரு வாளி தண்ணியை நானே தூக்கிட்டுப் போய் பேஸ்மென்ட்ல ஊத்துறேன். படிக்கட்டு மேல நின்னு வீட்டுக்காரி பாத்துட்டே இருக்கா.